செய்து பார்க்கும் விஞ்ஞானம்: கெய்ரோவிலிருந்து மானிப்பாய் வழியாக வன்னிக்கு

மீலாத் விழாவையொட்டி நடக்கும் பேச்சுப் போட்டிகளில் ஒரு தலைப்பு வருடம் தவறாமல் வரும்: 'விஞ்ஞானத்துக்கு முஸ்லிம்களின் பங்களிப்பு.' தமிழ் ஆசிரியன் என்றபடியால் அந்தப் பேச்சை எழுதிக்கொடுக்கும் வேலை பெரும்பாலும் என் தலையில்தான் விழும். அல்-குவாரிஸ்மி, இப்னு சீனா, அல்-பிரூனி, இப்னுல் ஹைதம் என்று பெயர்களை அடுக்கி, இடையிடையே எதுகை மோனை சேர்த்துக் கொடுத்துவிடுவேன். பிள்ளைகள் பாடமாக்கி, கையை நீட்டி நீட்டிப் பேசிப் பரிசும் வாங்கி வருவார்கள்.

சில வருடங்களுக்கு முன் அப்படிப் பரிசு வாங்கி வந்த ஒன்பதாம் தர மாணவி ஒருத்தியிடம் சும்மா கேட்டேன்.

"இப்னுல் ஹைதம் ஒளியப் பத்தி என்ன செஞ்சார் மகள்?"

"கண்டுபிடிச்சார் சேர்."

"என்னத்தக் கண்டுபிடிச்சார்?"

பிள்ளை பேசவில்லை. அவள் விஞ்ஞானத்தில் கெட்டிக்காரி. ஊசித்துளைக் கமராவின் படத்தைக் கொப்பியில் அழகாகக் கீறி வைத்திருந்தாள். அந்தப் படத்துக்கும் தான் மேடையில் முழங்கிய பெயருக்கும் சம்பந்தம் உண்டென்பது அவளுக்குத் தெரியாது. ஊசித்துளைக் கமரா ஒன்றை அவள் கண்ணால் கண்டதும் இல்லை. பிள்ளையைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. எழுதிக்கொடுத்த எனக்கே அது தெரிந்திருக்கவில்லை.

அன்றைக்குப் பிறகு நான் தேடிப் படித்தவற்றைத்தான் இங்கே தொகுத்துத் தருகிறேன். விஞ்ஞான ஆசிரியர்களுக்குப் பாடம் சொல்ல நான் வரவில்லை. நம்முடைய முன்னோர் என்று நாம் பெருமை பேசுகிறவர்கள் உண்மையில் எப்படிக் கற்றார்கள், எப்படிக் கற்பித்தார்கள், அந்த வழி தமிழுக்கு எப்போது வந்தது, இன்று வன்னிப் பாடசாலையொன்றில் அதைக் கையாள முடியுமா என்பதே என் கேள்வி.

விளக்குகளும் ஒரு துளையும்

அபூ அலீ அல்-ஹஸன் இப்னுல் ஹைதம் ஏறத்தாழ 965இல் பஸராவில் பிறந்தார். பாத்திமீயக் கலீபா அல்-ஹாகிமின் காலத்தில் கெய்ரோவுக்குப் போனார். நைல் நதியின் வெள்ளத்தைக் கட்டுப்படுத்தும் திட்டமொன்றுக்காக அழைக்கப்பட்டு, நேரில் போய்ப் பார்த்தபின் அது தன்னால் முடியாத காரியம் என்று கண்டுகொண்டவர். ஏறத்தாழ 1011க்கும் 1021க்கும் இடையில் அவர் எழுதிய 'கிதாபுல் மனாழிர்' ஏழு பாகங்கள் கொண்டது.

அவருக்கு முன் யூக்கிளிட்டும் தொலமியும் வேறொரு கருத்தைச் சொல்லி வைத்திருந்தார்கள். கண்ணிலிருந்து கதிர்கள் புறப்பட்டுப் போய்ப் பொருளைத் தொடுவதால்தான் நமக்குப் பார்வை கிடைக்கிறது என்பது அவர்கள் கொள்கை. பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணுக்குள் நுழைவதால்தான் பார்வை உண்டாகிறது என்று இப்னுல் ஹைதம் நிறுவினார். அதற்காக அவர் செய்த சோதனைகளில் ஒன்று மிக எளிமையானது.

இருட்டான ஓரிடத்துக்குள் திறக்கும் ஒரு சிறு துளை. துளைக்கு வெளியே பல விளக்குகள், வேறு வேறு இடங்களில். உள்ளே எதிர்ச்சுவரில் விளக்குக்கு ஒன்றாக ஒளிப்பொட்டுகள் விழும். ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய பொட்டு மட்டும் மறையும். மற்றவை அப்படியே இருக்கும். எல்லா ஒளியும் அந்த ஒரே துளையால்தான் போகிறது. ஆனால் ஒன்றோடொன்று கலக்கவில்லை. ஒவ்வொன்றும் தன் நேர்கோட்டிலேயே போகிறது. இவ்வளவுதான் சோதனை. மூன்று மெழுகுதிரி, துளையிட்ட ஒரு மட்டை, இருட்டிய ஓர் அறை இருந்தால் யாரும் செய்யலாம்.

இந்தச் செயலுக்கு அவர் வைத்த பெயர்தான் தமிழ் படித்த என்னைப் பிடித்து நிறுத்தியது. சோதனை செய்து பார்ப்பதை அவர் 'இஃதிபார்' என்கிறார்; செய்பவர் 'முஃதபிர்'. அரபியில் இந்த வேரின் முதற்பொருள் கடந்து போதல், அக்கரைக்குப் போதல். கண்டதிலிருந்து காணாததற்குக் கடந்து போய்ப் பாடம் பெறுவது இஃதிபார். இதே வேரில் பிறந்த ஏவல் வினை சூரத்துல் ஹஷ்ரின் இரண்டாம் வசனத்தில் பார்வையுடையோரை விளித்து வருகிறது. நம் பேச்சுப் போட்டிகளில் அவர் பெயர் நிலைத்திருக்கிறது. இஃதிபார் என்ற சொல்லையோ அந்தச் செயலையோ நாங்கள் சொல்லிக்கொடுக்கவில்லை.

வானவில்லின் காரணத்தை இப்னுல் ஹைதமால் சரியாகச் சொல்ல முடியவில்லை. ஏறத்தாழ முந்நூறு வருடங்களுக்குப் பின் பாரசீகத்தில் அவர் நூலை ஆராய்ந்து திருத்தி எழுதிய கமாலுத்தீன் அல்-பாரிஸி அதைச் சொன்னார். மழைத்துளியைக் கையில் பிடித்துப் பார்க்க முடியாது. ஆகவே அவர் ஓர் உருண்டைக் கண்ணாடிப் பாத்திரத்தில் தண்ணீரை நிரப்பி, அதை ஒரு பெரிய மழைத்துளியாகக் கொண்டு, இருட்டறையில் வைத்து ஒளியைப் பாய்ச்சினார். ஒளி உள்ளே நுழையும்போது ஒரு முறிவு, உட்பக்கத்தில் ஒரு தெறிப்பு, வெளியேறும்போது இன்னொரு முறிவு என்று முதல் வில்லின் கணக்கைக் கண்டார். ஏறத்தாழ அதே காலத்தில் ஜேர்மனியில் தியோடோரிக் என்ற பாதிரியாரும் இவரை அறியாமலே தண்ணீர் நிரப்பிய கண்ணாடியை வைத்து அதே முடிவுக்கு வந்தார் என்பது விஞ்ஞான வரலாற்றின் அதிசயங்களில் ஒன்று.

பள்ளிவாசல் முற்றத்து நிழல்

இஃதிபார் அறிஞர்களின் இருட்டறைக்குள் மட்டும் இருந்ததில்லை. அது பள்ளிவாசலிலும் இருந்தது. நடுக்கால முஸ்லிம் நகரங்களில் 'முவக்கித்' என்றொரு பதவி இருந்தது. தொழுகை நேரங்களைக் கணித்துச் சொல்வது அவர் கடமை. டமஸ்கஸ் உமையாப் பள்ளிவாசலின் முவக்கித்தாக இருந்த இப்னு ஷாதிர் (1304–1375) வானியல் வரலாற்றில் பெரிய பெயர். அந்தப் பள்ளிவாசலின் மினாராவுக்கு 1371இல் அவர் செய்த சூரியக் கடிகாரம் புகழ்பெற்றது.

நமக்கு இன்று நேரசூசி அச்சிட்டு வருகிறது, கைத்தொலைபேசியிலும் வருகிறது. ஆனால் அதற்குள் இருக்கும் கணக்கு ஒரு கம்பும் நிழலும்தான். ஷாபிஈ மத்ஹபின்படி, உச்சி நேரத்து நிழலை விட மேலதிகமாகப் பொருளின் உயரமளவு நிழல் நீண்டதும் அஸர் தொடங்குகிறது. வவுனியா ஏறத்தாழ 8¾ பாகை வட அகலாங்கில் இருக்கிறது. ஒரு மீற்றர் கம்பொன்றைச் செங்குத்தாக நட்டால், டிசம்பர் 22ஐ ஒட்டிய நாட்களில் உச்சி நேரத்து நிழல் வடக்கே சுமார் 63 சென்ரிமீற்றர் விழும். ஜூன் 21ஐ ஒட்டித் தெற்கே சுமார் 26 சென்ரிமீற்றர் விழும். ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் ஆகஸ்ட் கடைசியிலும் சூரியன் நேர் உச்சிக்கு வருவதால் நிழலே இராது. அந்த நாட்களில் நிழல் ஒரு மீற்றராகும்போது அஸர். டிசம்பரில் அது 163 சென்ரிமீற்றர் வரை போகவேண்டும்.

பூமியின் அச்சுச் சாய்வு, பருவமாற்றம், அகலாங்கு, கோண அளவை எல்லாம் இந்த ஒரு கம்பில் இருக்கின்றன. வருடம் முழுவதும் வாரத்துக்கொரு தடவை நிழலின் நுனியில் ஒரு கல்லை வைத்துவருவதற்குப் பணம் தேவையில்லை. பிள்ளைக்கு அது தன் தொழுகையின் கணக்கு என்பதால் ஆர்வத்தைத் தனியாக ஊட்டவும் வேண்டியதில்லை.

மானிப்பாயில் தமிழ்

இதெல்லாம் அரபியில் நடந்த கதை என்று ஒருவர் சொல்லலாம். நவீன விஞ்ஞானத்தைத் தமிழில் முறையாகக் கற்பித்த முதல் முயற்சிகளில் ஒன்றைப் பார்க்க நாங்கள் தூரம் போகத் தேவையில்லை. ஏ-9 வீதியால் வடக்கே போனால் வருகிற யாழ்ப்பாணத்து மானிப்பாய்தான் அந்த இடம்.

அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் 1822இல் பிறந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். அவர் அமெரிக்க மிஷனின் வைத்தியர். 1848இலிருந்து மானிப்பாயில் உள்ளூர் இளைஞர்களுக்கு மேற்கத்திய மருத்துவம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்தில்தான் கற்பித்தார். 1857இல் நாடு திரும்பி, 1862இல் மீண்டும் வந்தபின் தமிழுக்கு மாறினார். காரணம் வெளிப்படை. ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரசாங்க உத்தியோகம் தேடிப் பட்டினங்களுக்குப் போனார்கள். கிராமத்தில் நின்று கிராமத்து நோயாளியைப் பார்க்கும் வைத்தியர் வேண்டுமானால் அவர் நோயாளியின் மொழியில் படித்திருக்கவேண்டும் என்பது கிறீனின் முடிவு. 1873இல் அவர் திரும்பிப் போகுமுன் அறுபதுக்கு மேற்பட்டோரைப் பயிற்றியிருந்தார். அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் தமிழில் படித்தவர்கள்.

அவரும் அவருடைய மாணவர்களும் உருவாக்கிய நூல்களின் பெயர்களே ஒரு பாடம். 'இரணவைத்தியம்' 1867இலும் 'மனுஷ அங்காதிபாதம்', 'வைத்தியாகரம்' ஆகியன 1872இலும் 'கெமிஸ்தம்' 1875இலும் 'மனுஷ சுகரணம்' 1883இலும் வெளிவந்தன. கேசாதிபாதம் என்ற சிற்றிலக்கிய வகையை அறிந்த காதுக்கு 'அங்காதிபாதம்' அந்நியமாகக் கேட்காது. தமிழில் இருக்கிற சொல்லை முதலில் தேடுவது, கிடைக்காவிட்டால் வடமொழி, அதுவும் இல்லாவிட்டால் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஓசைக்கு இசைத்து எடுப்பது என்று அவருக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. 'கெமிஸ்தம்' மூன்றாம் வழியில் வந்தது. இன்று நாங்கள் உடற்கூற்றியல் என்கிறோம், இரசாயனவியல் என்கிறோம். சொற்கள் மாறிவிட்டன, தமிழில் இது முடியும் என்ற நிரூபணம் நின்றுவிட்டது. கவிஞர் அம்பி 1967இல் 'கிறீனின் அடிச்சுவடு' நூலை எழுதி அந்த வரலாற்றை நம் காலத்துக்கு மீட்டுத் தந்தார்.

நாங்கள் விலகி நின்ற காலம்

கிறீனுக்கு மதம் பரப்பும் நோக்கம் இருந்தது. அதை அவர் மறைக்கவும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலக் கல்வியும் அதனோடு வந்த விஞ்ஞானமும் பெரும்பாலும் மிஷன் பாடசாலைகளின் கையில் இருந்தன. பிள்ளை மதம் மாறிப்போகும் என்ற பயத்தில் நம்மவர்கள் அந்தப் படலைக்கு வெளியே நின்றார்கள். அந்தப் பயத்தை இன்று ஏளனம் செய்வது எளிது. அவர்கள் ஈமானைக் காக்க நினைத்தார்கள், காத்தார்கள். அதற்கு இரண்டு மூன்று தலைமுறைக் கல்வியை விலையாகக் கொடுத்தார்கள்.

இந்த விலையை உணர்ந்து முதலில் உரத்துப் பேசியவர் அறிஞர் சித்திலெப்பை (1838–1898). 1882இல் அவர் தொடங்கிய 'முஸ்லிம் நேசன்' தமிழ்ப் பத்திரிகை. நாடுகடத்தப்பட்டு 1883இல் இலங்கை வந்த எகிப்தியத் தலைவர் ஒறாபி பாஷாவும் வாப்பிச்சி மரைக்காரும் அவரோடு சேர்ந்து நின்றதன் பயனாக 1892இல் கொழும்பு மருதானையில் எழுந்த பாடசாலையே இன்றைய சாஹிராக் கல்லூரி. 1948 முதல் 1961 வரை அதன் அதிபராக இருந்த ஏ. எம். ஏ. அஸீஸ் 1911இல் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்து, யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியில் படித்த வடபுலத்து முஸ்லிம் என்பதை நம் பிள்ளைகளுக்கு அடிக்கடி ஞாபகப்படுத்தவேண்டும்.

1945இன் இலவசக் கல்வியும் அதைத் தொடர்ந்து வந்த தாய்மொழிக் கல்வியும் கிறீன் தொட்ட காரியத்தை நாடு முழுவதற்கும் விரித்தன. 1950களிலிருந்து அரசகரும மொழித் திணைக்களம் துறைவாரியாகக் கலைச்சொல் தொகுதிகளை வெளியிட்டது. நம் பாடநூல்களின் சொற்கள் அந்த உழைப்பில் விளைந்தவை. அவற்றைக் கடினம் என்று தள்ளுகிறோம். திறந்து காட்டினால் அவை பேசும். 'ஆர்முடுகல்' என்றதும் பிள்ளை மிரளுகிறது. 'முடுகு' என்றால் விரைதல், செய்யுளில் ஓசை விரைந்து நடப்பதற்கும் முடுகு என்றுதான் பெயர் என்று சொல்லி, காசிம் புலவரின் நபி திருப்புகழைச் சந்தத்தோடு பாடிக் காட்டினால் சிரிக்கும். சைக்கிளில் பள்ளத்தில் இறங்கும்போது முடுகுகிறோம், அது ஆர்முடுகல். பிறேக் பிடித்து அமர்கிறோம், அது அமர்முடுகல். 'அற்ககோல்' என்ற சொல் அரபியின் 'அல்-குஹ்ல்', அதாவது சுறுமாவிலிருந்து கிளைத்தது என்றால் வகுப்பே திரும்பிப் பார்க்கும். விஞ்ஞானப் பாடத்தில் பாதிக் கஷ்டம் சொல்லில் இருக்கிறது. அந்தப் பாதியைத் தமிழ் ஆசிரியர் தாங்கலாம்.

அழிந்த நாடுகளுக்கு ஒரு புத்தகம்

மற்றப் பாதி கையில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் ஆயிரக்கணக்கான பாடசாலைகள் தரைமட்டமாகின. 1948இல் யுனெஸ்கோ ஒரு சிறிய புத்தகத்தை வெளியிட்டது. லண்டன் பாடசாலை ஆசிரியர் ஜே. பி. ஸ்டீவன்சன் எழுதியது. 'அழிவுற்ற நாடுகளின் விஞ்ஞான ஆசிரியர்களுக்குச் சில யோசனைகள்' என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். தகரப்பேணி, போத்தல், கம்பி, மரத்துண்டு என்று கையில் அகப்படுவதைக் கொண்டு கருவிகள் செய்யும் வழி அதில் இருந்தது. போரே காணாத, ஆனால் ஆய்வுகூடமும் காணாத நாடுகளில் அதற்குப் பெரிய வரவேற்புக் கிடைத்தது. அதன் வளர்ச்சியாக 1956இல் யுனெஸ்கோவின் விஞ்ஞானக் கற்பித்தல் மூலநூல் வந்து பல மொழிகளில் பரவியது. இந்தியாவில் 1972இல் தொடங்கிய ஹோஷங்காபாத் விஞ்ஞானக் கற்பித்தல் திட்டமும், கழிவுப் பொருளில் விளையாட்டுக் கருவி செய்யும் அர்விந்த் குப்தாவின் பணியும், தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் சிறுவர் இதழான 'துளிர்'ரும் இதே எண்ணத்தின் வேறு முகங்கள்.

அழிவுற்ற நாடு என்ற சொல் எங்களுக்கு விளக்கம் வேண்டாத சொல். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களில் முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்களில் பலர் புத்தளத்தின் ஓலைக் கொட்டில்களில் எழுத்துப் படித்தார்கள். 2009இல் வன்னித் தமிழ்ப் பிள்ளைகள் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமின் கூடாரங்களுக்குள் படித்தார்கள். ஆய்வுகூடம் என்பதே இரு சாராருக்கும் கேள்விப்பட்ட பொருளாகத்தான் இருந்தது.

இங்கே ஸ்டீவன்சனுக்குத் தெரியாத ஒரு தொல்லையும் உண்டு. கிடைக்கிற பழைய இரும்பைப் பொறுக்கி எடுங்கள் என்று வன்னிப் பிள்ளையிடம் சொல்லக்கூடாது. கண்ணிவெடி அகற்றும் வேலை இன்னும் முற்றாக முடியவில்லை. தெரியாத பொருளைத் தொடாதே என்றுதான் நாங்கள் சொல்லிச் சொல்லி வளர்த்தோம். தொடு, திருப்பிப் பார், கழற்றிப் பார் என்பது விஞ்ஞானத்தின் முதற்பாடம். அதற்கு நேர் எதிரானதை உயிருக்காகக் கற்ற பிள்ளைகள் இவர்கள். ஆகவே பொருளை வீட்டிலிருந்து, குசினியிலிருந்து எடுப்போம். பால்மா டின், தண்ணீர்ப் போத்தல், பழுதான மின்குமிழ், எண்ணெய் தடவிய கடதாசி என்று எத்தனையோ இருக்கின்றன.

டின்னின் அடியில் ஊசியால் துளையிட்டு, வாயில் எண்ணெய்க் கடதாசியைக் கட்டினால் முற்றத்து வேம்பு தலைகீழாக அதில் விழும். தண்ணீர் நிரப்பிய குமிழை நூலில் கட்டி, காலை வெயிலை முதுகுக்குப் பின்னால் வைத்து, மெல்ல உயர்த்திக்கொண்டு போனால் ஏறத்தாழ 42 பாகைக் கோணத்தில் சிவப்பு மின்னும். அல்-பாரிஸியின் மழைத்துளி அதுதான். போத்தலில் மேல், நடு, கீழ் என மூன்று துளையிட்டுத் தண்ணீர் ஊற்றினால் அடித்துளைத் தண்ணீர்தான் மிகுந்த வேகத்தோடு பீறும். பாவற்குளத்துக் கட்டு அடியில் ஏன் அவ்வளவு அகலம் என்று அப்போது கேட்டால், கமக்காரன் வீட்டுப் பிள்ளை ஆசிரியருக்கு முன்னே பதில் சொல்லும். நமது பழைய குளங்களின் துருசு எந்த அளவு நுட்பமானது என்பதை நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஹென்றி பாக்கர் 1909இலேயே தன் நூலில் எழுதி வியந்திருக்கிறார்.

2019 டிசம்பர் 26 காலை வட பகுதியில் கங்கண சூரிய கிரகணம் தெரிந்ததே, ஞாபகமா? கிரகணத் தொழுகைக்கு வந்த எங்களில் எத்தனை பேர் மரத்தடியைக் குனிந்து பார்த்தோம்? இலை இடுக்குகளால் விழுந்த ஒவ்வொரு ஒளிப்பொட்டும் பிறையாக இருந்தது. கிரகணத்தின் வடிவம் பற்றி இப்னுல் ஹைதம் தனி நூலே எழுதியிருக்கிறார். சிறு துளையால் போகும் ஒளி ஏன் பிறையாக விழுகிறது என்பதுதான் அதன் கேள்வி. ஆயிரம் வருடங்களுக்குப் பின் அது எங்கள் காலடியில் விழுந்தது.

இதையெல்லாம் சொல்வதால் ஆய்வுகூடம் வேண்டாம் என்று யாரும் பொருள்கொள்ளக்கூடாது. பால்மா டின்னைக் கொண்டு உயர்தரப் பரீட்சைக்கு இரசாயனப் பரிசோதனை செய்ய முடியாது. கேட்டுப் பெறவேண்டியதைக் கேட்டுத்தான் பெறவேண்டும். ஆனால் நான் முன்பு படிப்பித்த ஒரு பாடசாலையில் ஆய்வுகூடம் இருந்தது, கண்ணாடிப் பாத்திரங்களும் இருந்தன. அலுமாரி மட்டும் எப்போதும் பூட்டிக் கிடந்தது. உடைந்தால் பொருட்பதிவேட்டில் யார் பதில் சொல்வது என்ற பயம். கட்டடம் வந்தால் மட்டும் இஃதிபார் வந்துவிடாது என்பதை அங்கேதான் கண்டேன்.

அந்த மாணவியின் வகுப்பில், விஞ்ஞான ஆசிரியையின் உதவியோடு ஒருநாள் சோதனையைச் செய்து பார்த்தோம். யன்னலுக்கு இரண்டு பழைய சாரன், மூன்று மெழுகுதிரி, துளையிட்ட பிஸ்கட் பெட்டி மட்டை. சுவரில் மூன்று பொட்டு விழுந்தது. ஒரு பிள்ளை இடது பக்கத்துத் திரியைக் கையால் மறைத்தான். வலது பக்கத்துப் பொட்டு மறைந்தது. பின்வாங்கிலிருந்து ஒருத்தன் எழும்பினான்.

"சேர், மூணும் அந்தச் சின்ன ஓட்டைக்குள்ளாலதானே போகுது. ஒண்டோட ஒண்டு முட்டாதா?"

கெய்ரோவில் அந்த மனிதர் கேட்ட கேள்வி அதுதான். கேட்டவனுக்கு அவர் பெயர் அன்று தெரியாது; பிறகு சொன்னோம், மறக்கவில்லை.

அடுத்த மீலாதுக்கு அந்த மாணவிக்கு நான் பேச்சு எழுதிக்கொடுக்கவில்லை. தானே எழுதி, மட்டையையும் ரோர்ச்சையும் மேடைக்குக் கொண்டுபோனாள். நேரம் கூடிவிட்டதென்று நடுவர்கள் புள்ளி குறைத்தார்கள். மூன்றாம் இடம்தான் கிடைத்தது. கீழே இறங்கி வந்தவளைச் சுற்றி நின்ற சின்னப் பிள்ளைகள் சான்றிதழைப் பார்க்கக் கேட்கவில்லை, மட்டையைத்தான் கேட்டார்கள்.